பனித் தண்ணீரில் கழுவிய கால்

மச்சான்,

இன்று சுபஹுத் தொழுகைக்குப் போய்ப் பள்ளி ஹவுல் தொட்டியில் காலை நனைத்தேன். விடாமல் பெய்த மாரி மழையில் தண்ணீர் ஊசியாய்க் குத்தியது. பக்கத்தில் தொழுகைக்காகக் கைகால் கழுவி வுழுச் செய்துகொண்டிருந்தவர், "அல்லாவே, என்ன குளிர்!" என்று காலை இழுத்துக்கொண்டார். நான் இழுக்கவில்லை. குத்துகிறதா, இன்னும் குத்துகிறதா என்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகக் குத்தியது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அந்த மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். அவருக்கு விளங்காது. உனக்கு விளங்கும்.

மௌத்தானவரைப் பற்றிக் கூடாமல் கதைக்கக் கூடாது என்பார்கள். சரி, நான் உன்னைப் பற்றி யாரிடமும் கதைக்கவில்லை. உன்னிடமே கதைக்கிறேன். உயிரோடு இருந்தபோது நீ என்னை ஒரு வசனம் முடிக்க விட்டதில்லை. இப்போதாவது வாயை மூடிக்கொண்டு கேள்.

நாம் ஒரே வகுப்பு. சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஒரே பந்தை உதைத்தவர்கள். நீ முன்னால் ஓடுவாய், நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருவேன். பிறகு நீ என் தங்கையை முடித்தாய். நம் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளையாக எங்கள் வாப்பா அவளுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாய். இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தன. நீ கட்டாருக்குப் போனாய், நான் ஊரில் பாமசி திறந்தேன். அவ்வளவுதான் நம் கதை, அந்த மலை வரும்வரைக்கும்.

நீ லீவில் வந்திருந்த ஒரு பின்னேரம். கரையில் இழுத்துவைத்த தோணியில் சாய்ந்துகொண்டு, "நேபாளத்துக்குப் போவமா மச்சான்?" என்றாய்.

"என்னத்துக்கு?"

"மல ஏற."

நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். நம் ஊரில் மேடு என்று ஒன்று இருந்தால் அது வீதியில் போட்ட வேகத்தடைதான். அதை விட்டால் மாவடிப்பள்ளி வரைக்கும், அதற்கு அங்காலும், பாய் விரித்த மாதிரி வயல். நீ சிரிக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "இந்தத் தண்ணிதானே உம்மாவையும் தம்பிமாரையும் கொண்டுபோன. இது ஏறி வர ஏலாத ஒரு இடத்துல நிண்டு நான் ஒரு பாங்கு சொல்லணும். ஒரே ஒரு பாங்கு. மறுகா இறங்கி வந்திருவன்."

சுனாமி அன்று உன்னோடு சேர்ந்து மையத்துகளைப் புரட்டிப் பார்த்தவன் நான். உன் உம்மா கிடைத்தார், தம்பிமார் கடைசிவரை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நீ அவர்களைப் பற்றி வாய் திறந்தது அந்தப் பின்னேரம்தான். "போவம்" என்றேன். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் நான் வந்தேன், மச்சான். மலைக்காக வரவில்லை.

ஆனால் நீ என்ன செய்தாய்? அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிவதற்குள் ஊருக்கே சொல்லி முடித்திருந்தாய். தேத்தண்ணிக் கடையில், சலூனில், மீன் வாடியில், எல்லா இடத்திலும் உன் மலைதான். "சாய்ந்தமருதுல இரிந்து ஒருத்தனும் ஏறாத மல. உச்சியில நிண்டு பாங்கு. வீடியோ அனுப்புவன், பாருங்க." உனக்கும் உன் உம்மாவுக்கும் தம்பிமாருக்கும் நடுவில் இருந்த அந்தப் பாங்கை நீயே ஊர்க் கூத்தாக்கினாய். அதற்குப் பிறகு ஏறாமல் திரும்பி வருவதற்கு உனக்கு வழியே இருக்கவில்லை.

நான் போய் மௌலவியிடம் கேட்டேன், பனியில் தொழுகைக்கு என்ன செய்வது என்று. தண்ணீர் இல்லாத இடத்திலும், தண்ணீர் உடம்புக்குக் கேடு செய்யும் இடத்திலும் தயம்மும் போதும், சுத்தமான மண்ணில் கையைத் தட்டி முகத்தையும் கைகளையும் தடவிக்கொண்டால் வுழுவுக்குச் சமம் என்றார். அங்கே எல்லாம் பனி, மண் கிடைக்காவிட்டால் என்றேன். "அப்ப இஞ்சரிந்து கொஞ்சம் கொண்டு போங்களன்" என்று சிரித்தார். நான் அதைச் சிரிப்பாக எடுக்கவில்லை. எங்கள் வளவில் ஒரு பிடி மண்ணை அரித்துக் காயவைத்து ஒரு பையில் கட்டி எடுத்துக்கொண்டேன்.

புறப்படும் அன்று தங்கை உன் பையில் மாசிச் சம்பல் போத்தலை வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டு, "காக்கா, அவர்ர காலப் பாத்துக்கங்க" என்றாள். ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லாமல் காலைப் பார்க்கச் சொல்கிறாளே என்று அப்போது எனக்குப் படவில்லை. மலை ஏறப்போகிறவனுக்குக் கால்தானே முக்கியம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆற்றோரம் கற்படிகள், மணி கட்டிய கோவேறு கழுதைகள், சோறும் பருப்பும், இரவில் அடுப்பைச் சுற்றி நாம் சப்பாத்துக்குள் போட்ட மேசுகள் காயும் வாடை. நமக்கு வழிகாட்டியாக வந்தவன் பசாங். கட்டாரில் உன்னோடு வேலை செய்த நேபாளியின் தம்பி. அவன் ஹிந்தியில் சொல்வதை நீ எனக்குத் தமிழில் சொல்வாய். எனக்கு ஹிந்தி தெரியாது. உனக்குப் பிடித்ததை மட்டும் சொன்னாய் என்று பிறகுதான் தெரிந்தது.

வழியில் கண்ட தண்ணீர்ப் பீலியில் எல்லாம் நீ வுழுச் செய்தாய். சப்பாத்தைக் கழற்றி, மேசைக் கழற்றி, கணுக்கால் வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாய். நான் கையை விட்டாலே எலும்புக்குள் வலித்த தண்ணீர் அது. முகம் ஒரு பொட்டும் சுளிக்காமல் கழுவினாய். ஒருநாள் நான் கல்லில் குந்தி என் மண் பையை அவிழ்த்தபோது பசாங்கைக் கூப்பிட்டுக் காட்டினாய். "பாரு, மலைக்கு மண் கொண்டு வந்த ஒரே ஆள்!" பசாங்கும் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அடுத்த நாள் சிரிப்பு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் நீ நிறுத்தவில்லை. "தண்ணி ஓடுது, இவர் மண்ணத் தடவுறார். ஹாஜியார்ர மகன்!" என் வாப்பாவையும் இழுத்தாய். "தண்ணி கேடு எண்டா மண் போதும் எண்டு மௌலவியே சொன்ன" என்றேன். "கேடா? எனக்குக் குளிரவே இல்லயே! ஈமான் இரிந்தாக் குளிராது மச்சான். ஒனக்குக் குளிருது எண்டா நீ உள்ளுக்க பாரு, வெளிய பாக்காத."

நான் உள்ளே பார்த்தேன். அதுதான் உன் கெட்டித்தனம். பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் ஒருவன் காலை வைத்துக்கொண்டு புன்னகைக்கிறான், நான் கிட்டப் போகவே நடுங்குகிறேன். அப்படியானால் குறை என்னிடம்தானே? சுஜூதில் தலையை நிலத்தில் வைத்துக்கொண்டு, யா அல்லாஹ், உன்மேல் எனக்குள்ள ஈமான் இவ்வளவுதானா என்று அழுதேன். ஒரு தரமல்ல. அந்த மலை முழுக்க அழுதேன். நீ அதைக் கண்டாய். கண்டுவிட்டுக் குளிர்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நடந்தாய்.

நீ அடிக்கடி தண்ணீர் குடித்தாய், அடிக்கடி ஒதுங்கப் போனாய். பாமசிக்காரன் கண் சும்மா இருக்குமா? "மச்சான், சீனி பாத்தியா?" என்றேன். "எனக்குச் சீனியா? ஒனக்குத்தான் கொழுப்பு. பேசாம நட."

கடைசிக் கூடாரம் பனியின் மேலேயே இருந்தது. பசாங் பனியை உருக்கிக் குடிக்க ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர் தந்தான். சூடாறிப் போயிருந்த அந்தத் தண்ணீரை நீ காலில் ஊற்றினாய். பசாங் பதறி எழும்பி உன் காலைக் காட்டி ஏதோ கத்தினான். "என்ன சொல்றான்?" என்றேன். "தண்ணிய வீணாக்க வேணாமாம்" என்றாய். அவன் சொன்னது அதுவல்ல என்று அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் உன் கையைப் பிடித்தேன். "மச்சான், தங்கச்சிக்காகச் சொல்றன், இண்டைக்கு மட்டும் மண்ணத் தடவு." நீ கையை உதறினாய். "பாங்கு சொல்லப் போறவன் மண்ணப் பூசிட்டுப் போறதா? நீ பூசு." காலைச் சரியாகத் துடைக்காமல் மேசைப் போட்டாய். மேசு கருத்து ஈரமாவதை நான் பார்த்தேன்.

விடியுமுன் கயிற்றில் பிணைத்துக்கொண்டு ஏறினோம். வெளிச்சம் வந்தபோது உச்சி தெரிந்தது. கண்ணுக்கு நேரே, ஒரு வெள்ளை முதுகு, அதில் கட்டிய துணிக் கொடிகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. கூவிக் கூப்பிட்டால் கேட்கும் தூரம்போல இருந்தது. நீ ஒரு மாதிரி நடந்தாய், மரக்கட்டையில் நிற்கிறவனைப்போல. விழுந்தாய். எழும்பினாய். திரும்ப விழுந்தாய். பசாங் உன் சப்பாத்தைக் கழற்றினான். மேசு தோலோடு ஒட்டி விறைத்திருந்தது. உள்ளே உன் விரல்கள் மெழுகுதிரி நிறத்தில் இருந்தன. பசாங் தன் விரலை மடக்கி உன் பெருவிரலில் தட்டினான். மரப்பலகையில் தட்டிய சத்தம் கேட்டது, மச்சான். நீ எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாய். அவன் தட்டுவது உனக்குத் தெரியவே இல்லை.

இதற்கு யாரும் எனக்குத் தமிழில் சொல்லத் தேவைப்படவில்லை. "கிறுகுவம்" என்று வந்த வழியைக் காட்டினேன்.

"உட்ரா கயித்த! அந்தா தெரியுது!"

"கிறுகுவம் மச்சான். காலப் பாரு."

"பொட்டையன்! நீ வந்தா இப்பிடித்தான் முடியும் எண்டு எனக்குத் தெரியும். உன்ட தங்கச்சியும் நீயும் ஒண்டு. ஒரு மனிசன வாழ உடமாட்டீங்க!" என் முகத்தில் அறைந்தாய். கையுறை போட்ட கை, நோகவில்லை. நான் கயிற்றை விடவில்லை. பசாங் முன்னால், நான் பின்னால், நடுவில் உன்னை வைத்து இறக்கினோம். நீ இறங்கும் வழியெல்லாம் என்னை ஏசினாய். நான் நீ அடுத்த அடியை எங்கே வைக்கிறாய் என்பதையே பார்த்தேன். உன் காலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாளே.

ஹெலிகொப்டர், ஆஸ்பத்திரி. நான் கட்டில் தலைமாட்டில் நிற்கிறேன். நேபாள டொக்டர் இங்கிலீசில் கேட்டார், சீனி வருத்தம் இருக்கிறதா என்று. நான் இல்லை என்று தலையாட்டினேன். நீ, ஓம் இருக்கிறது, சில வருடமாக இருக்கிறது என்றாய். ஊசியால் உன் குதிக்காலில் குத்தினார். தெரிகிறதா என்றார். தெரியவில்லை என்றாய். எப்போதிருந்து? போன வருடத்திலிருந்து. வெயிலைப் பற்றிக் கதைப்பவனைப்போல அமைதியாகச் சொன்னாய்.

அவர் போன பிறகு நான் கேட்டேன். "அப்ப அந்தத் தண்ணி?"

"என்ன தண்ணி?"

"குளிரவே இல்ல எண்டியே. ஈமான் எண்டியே!"

நீ கண்ணை மூடிக்கொண்டாய். "கால்தான் மரத்துக் கிடந்ததே. எனக்கு எப்பிடிக் குளிரும்?"

சீ! என்ன மனிதனடா நீ! உன் கால் செத்துப் போயிருந்ததைக் காட்டி என் ஈமானை அளந்தாயே. பாங்கு உனக்கும் உன் உம்மாவுக்கும் உள்ளது, கால் உன்னுடையது, அவற்றை நீ என்னவும் செய்திருக்கலாம். நான் தொழுத தொழுகையை ஏன் அழுக்காக்கினாய்? நான் எத்தனை சுஜூதில் என்னையே கேவலமாக நினைத்து அழுதேன் என்று தெரிந்தும் பேசாமல் நடந்தாயே. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

தங்கைக்கு எல்லாம் தெரியும் என்பது ஊருக்கு வந்த பிறகு வெளியே வந்தது. சொன்னால் வீட்டை விட்டுப் போய்விடுவேன், பிள்ளைகளின் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று மிரட்டி அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாய். மாப்பிள்ளை வீட்டை விட்டுப் போய்விட்டான் என்ற பேச்சுக்கு நம் ஊரில் எந்தப் பெண்தான் பயப்படமாட்டாள்? யாரை எங்கே பிடித்தால் நோகும் என்று உனக்கு எப்போதும் தெரியும். உன் கால் ஒன்றைத் தவிர.

விரல்களை அங்கேயே எடுத்தார்கள். ஊருக்கு வந்து காயம் ஆறாமல் வலது காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். வெட்டிய உறுப்பையும் மண்ணில் அடக்க வேண்டும் என்பதால் அதை என் கையில் தந்தார்கள். வெள்ளைப் புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வந்தேன். "என்ன சாமான் நானா?" என்று ஓட்டோக்காரன் கேட்டான். "மச்சான்ட கால்" என்றேன். அவன் பின்கண்ணாடியைத் திருப்பிவிட்டு மையவாடி வரைக்கும் ஓட்டினான். மதில் ஓரத்தில் நானே தோண்டி நானே மூடினேன். ஒரு காலுக்கு இவ்வளவு பாரம் இருக்கும் என்று நான் அறிந்திருக்கவில்லை.

அதே கிழமை தேத்தண்ணிக் கடையில் ஒருவர் என்னைப் பிடித்தார். "ஏன் தம்பி, உச்சி தெரியிற தூரத்துல மனிசன இழுத்து இறக்கிட்டீங்களாமே. நீங்க பயந்த எண்டதுக்காக அவர்ர கால் போன எண்டு சொல்றார்." நான் பிளேன்டிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பி வந்தேன். நீ கட்டிலில் படுத்துக்கொண்டே, பார்க்க வந்த ஆள் ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்லியிருக்கிறாய். நான் நிறுத்தி நிற்கவைத்ததால்தான் கால் விறைத்ததாம். ஏறியிருந்தால் சூடு பிடித்திருக்குமாம். என் கண்ணுக்கு முன்னாலேயே ஒருநாள் சொன்னாய். தங்கை சோற்றுப் பீங்கானோடு வாசலில் நின்றாள். "அப்பிடிச் சொல்லாதீங்க, அவர்தானே ஒங்கள உசிரோட கொண்டு வந்த" என்றாள். பீங்கானை வாங்கிச் சுவரில் அடித்தாய். அவள் குனிந்து சோற்றைப் பொறுக்கினாள். நானும் பொறுக்கினேன். நீ மறுபக்கம் திரும்பிப் படுத்தாய்.

வெட்டிய இடமும் ஆறாமல் நீ கட்டிலோடு கிடந்த கடைசி நாட்களில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாய். கட்டாருக்குப் போன் எடுத்துக் கேட்டாய், மீன்காரனைக் கூப்பிட்டுக் கேட்டாய், தங்கையின் கையைப் பிடித்துக் கேட்டாய். அவள் தேம்பித் தேம்பி அழுது பொறுத்துக்கொண்டாள். பிறகு என்னை வரச் சொன்னாய். நான் பாமசியைப் பூட்டிவிட்டு ஓடி வந்தேன். சத்தியமாக, கேட்டால் கொடுத்துவிடும் மனதோடுதான் ஓடி வந்தேன். என்னைப் பக்கத்தில் இருக்கவைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாய்: "கொடி தெரிஞ்சதானே மச்சான்? எவ்வளவு கிட்ட. நீ உட்டிருந்தா..." அதோடு இருமல் வந்தது. அந்த இருமலுக்குப் பிறகு நீ என்னிடம் வேறெதுவும் சொல்லவில்லை. அடுத்த நாள் பின்னேரம் அஸர்த் தொழுகைக்கு முன் மௌத்தாகிவிட்டாய்.

ஜனாஸாவைத் தூக்குவதற்கு முன் மௌத்தானவருக்காக ஊரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மகன் கேட்பான், இல்லாவிட்டால் கூடப்பிறந்தவன் கேட்பான். உனக்கு மகன் இல்லை. தம்பிமாரைக் கடல் கொண்டுபோய்விட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உன்னைக் கிடத்தியிருந்த சந்தூக்கின் பக்கத்தில் போய் நின்றேன். "எங்கட மச்சான் ஆர்ர மனச நோகவெச்சிரிந்தாலும் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க" என்றேன். வளவு நிறைந்த சனம் ஒரே குரலில், "பொறுத்துக்கிட்டம்" என்றது. என்னைக் கோழை என்று நம்பிய அந்தத் தேத்தண்ணிக் கடை மனிதரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். கேட்டவனிடம் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. நான் உன் சந்தூக்கைத் தோளில் ஏற்றினேன்.

தங்கை மட்டும் கேட்டாள். உன் மௌத்துக்காக வெளியே வராமல் இத்தா இருந்த அறையில், வெள்ளைப் புடவையோடு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "காக்கா, நீங்களும் பொறுத்துக்கிட்டீங்கதானே?"

"ஓம் புள்ள" என்றேன்.

பொய். அவளுக்காகச் சொன்னேன். பொறுக்கவில்லை, மச்சான். ஊர் முழுக்க உனக்கு மன்னிப்பைக் கொடுத்துவிட்டது, உனக்காகக் கேட்டவன் கையில் மட்டும் அது இன்னும் இருக்கிறது. ஐந்து வேளையும் அதோடுதான் தொழுகிறேன், அதோடுதான் பாமசியைத் திறக்கிறேன். இறக்கிவைக்க எனக்கும் ஆசைதான். கேட்காதவனுக்கு எப்படிக் கொடுப்பது?

மறுமையில் ஆளை முழுதாக எழுப்புவார்கள் என்று நாம் நம்புகிறோம். நான் மதில் ஓரத்தில் அடக்கியது உன்னிடம் வந்து சேர்ந்திருக்கும், நேபாளத்தில் விட்டு வந்த விரல்களும் சேர்ந்திருக்கும். சூடும் குளிரும் தெரிகிற இரண்டு கால்கள் உனக்கு இருக்கும். நான் உன்னைத் தேடி வரமாட்டேன். அந்தக் கால்களால் நீயே நடந்து வந்து, என் முகத்தைப் பார்த்துக் கேள். கேட்டவுடன் கொடுத்துவிடுவேன் என்று நினைக்காதே. ஆனாலும் வந்து கேள்.